ஐந்தாவது துளை

"ஒரே ஒரு வால். அந்த வாலாலேயே சாப்பிடும். அந்த வாலாலேயே கோளும் சொல்லும். அது என்ன, சொல்லுங்க பார்ப்பம்?"

முந்தல் சந்தியில் காமெரா கடை வைத்திருக்கும் அருள்குமரன், மேசை விளிம்பில் நாடியை ஊன்றி நின்ற ஷம்லாவிடம்தான் விடுகதையைப் போட்டான். அவளுக்கு எட்டு வயது.

"பல்லி?"

"பல்லி வாலாலயா சாப்பிடும்?"

"குரங்கு?"

"காமெரா!" என்று ஒரு வயரைத் தூக்கிக் காட்டினான். "இந்த ஒரு வயராலயே கரண்டும் போகும், படமும் வரும். கரண்டை ஊட்டுறது சுவிட்ச் எண்ட இந்தப் பெட்டிதான்."

இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான்.

"ரெண்டுலயும் எட்டுத் துளை. கறுப்புல எட்டுலயும் கரண்ட் வரும். வெள்ளையில முதல் நாலுல மட்டும்தான். அஞ்சாவதுல காமெராவைக் கொளுவினா அது குருட்டுக் கண்."

"அப்ப வெள்ளைதான் நல்லம்!" என்றார் ஷம்லாவின் வாப்பா பாறூக்.

குறையைக் கேட்டுக் குளிர்ந்துபோன வாடிக்கையாளரை அருள்குமரன் இதுவரை கண்டதில்லை.

"பாறூக் நானா, உங்களுக்கு அஞ்சு காமெரா. இறால் குளத்துக்கு நாலு, காவல்காரன் படுக்கிற வாடிக்கு ஒண்டு. வெள்ளையைப் போட்டா வாடிக்குள்ள தெரியாதே?"

"தெரியாட்டி என்ன? கள்ளன் பயப்பட, சும்மா ஒண்டு தொங்கினாக் காணும்."

"இந்த மனுசன்ட கஞ்சத்தனம்!" என்று ஷம்லாவின் உம்மா ஸுஹைரா குறுக்கிட்டாள். பண்ணை அவளுடைய வாப்பா கொடுத்தது. கடைசிச் சொல்லும் அவளுடையதுதான். "தம்பி, வெள்ளிக்கு வெள்ளி வலை வீசி, வளர்த்தி பார்க்க இறாலை வாடிக்குக் கொண்டுபோய்த் தராசுல நிறுத்துட்டு, உயிரோட திருப்பிக் குளத்துல விடுறது. வாடிக்குள்ள போறது ஒரு வாளி. திரும்பி வாறது அரை வாளி!"

"வாச்சரைக் கேட்டீங்களா?"

"சூசைப்பிள்ளையா? நீர்க்காகம் கொத்திட்டுப் போகுதாம். எந்த நீர்க்காகம் தம்பி கோது உரிச்சி, வாடிக்குப் பின்னால குழி வெட்டிப் புதைக்கும்?"



"நானும் மகளும் வெள்ளிக்கு வெள்ளி போய்ப் பார்க்கிறம்தானே," என்றார் பாறூக். "அவன் நல்ல மனுசன்."

"ஓம், உங்கட கண்ணுக்கு முன்னாலதான் களவு போகுது! இவருக்கு டொக்டர் இறாலே வேணாமெண்டுட்டார், தம்பி. ரெண்டு வருஷமா நாக்குல படல்ல. எங்கட இறாலை ஊரான் திங்கிறான்."

பாறூக் முகத்தைத் தொங்கப்போட்டார். "பருப்பும் கீரையும்தான், தம்பி. என்ன செய்ய?"

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"இந்த மாசத்தோட சூசைப்பிள்ளையை வேலையால நிப்பாட்டுவன்," என்றாள் ஸுஹைரா. "அவன் நல்லவனெண்டா வாடிக் காமெராவுல தெரியட்டும். கறுப்பைக் கட்டுங்க."

"வெள்ளை!"

"கறுப்பு!"

வியாபாரம் கை நழுவுவதை அருள்குமரன் கண்டான். "பிள்ளை சொல்லட்டுமே. அவ சொல்ற பெட்டியைக் கட்டுறன்."

பாறூக்கின் முகம் மலர்ந்தது. "சரி! மகள் வாப்பாட கட்சிதான்."

ஸுஹைராவும் தலையசைத்தாள்.

ஷம்லா இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உம்மா, வாடி தெரிஞ்சா சூசை மாமாவை நிப்பாட்ட மாட்டீங்களா?"

"அவன் எடுக்கல்லயெண்டு தெரிஞ்சா நான் ஏன் நிப்பாட்டுறன்?"

ஸுஹைரா போனை எடுத்துக்கொண்டு வாசற்பக்கம் திரும்பினாள். அதுதான் தருணம் என்று பாறூக் குனிந்து மகளின் காதோடு காதாகச் சொன்னார். ரகசியம் பேச அவருக்கு வராது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற அருள்குமரனுக்கும் கேட்டது.

"மகள், கறுப்பெண்டா வெள்ளிக்கிழமைப் பொரியல் அவ்வளவுதான். வாப்பாவுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. விளங்கிச்சா?"

கஞ்சன் என்று நினைத்திருந்த மனிதரை அருள்குமரன் நிமிர்ந்து பார்த்தான். நீர்க்காகம் மெதுவாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டது.

ஷம்லா ஒருமுறை எச்சில் விழுங்கினாள்.

கறுப்புப் பெட்டியைத் தொட்டாள்.