பொதுச்சுவர்

"அண்ணை, இதிலை முந்தி ஒரு வாசல் இருந்திருக்கு."

பீற்றர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தான். லண்டன் ஆர்ச்வேயில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் நூறு வருடத்து வீடுகளில் ஒன்று அது. முன்னறைச் சுவரின் பூச்சை உரித்து, உள்ளே இருக்கும் பழைய செங்கல் தெரியும்படி செய்யச் சொல்லி, வீட்டுக்காரர் கணேசலிங்கம் அவனைக் கூப்பிட்டிருந்தார். தொண்ணூற்றாறில் அதுதான் நாகரிகம். மகள் ஆசைப்பட்டாளாம்.

சுவர் முழுக்க மஞ்சள் நிறப் பழங்கல். நடுவில் மட்டும், ஓர் ஆள் உயரத்துக்குச் சிவப்புக் கல்லும் சீமெந்தும்.

"இருக்கும்," என்றார் கணேசலிங்கம். தேநீரை நீட்டினார். சுவரைப் பார்க்கவில்லை.

"பக்கத்து வீட்டுக்குப் போற வாசல் போல. அடைச்சது மேசன் இல்லை, அண்ணை. ஒரு கல்லும் நேரா இல்லை. கோவத்திலை அள்ளி அப்பின மாதிரிக் கிடக்கு."

"அதை மறைக்க ஏலுமோ?"

"ஏலும். இது இரண்டு வரிசைச் சுவர். இஞ்சாலை வரிசை உங்கட, அங்காலை வரிசை அவையின்ர. உங்கட பக்கத்துச் சிவப்புக் கல்லை எடுத்துப்போட்டுப் பழைய மஞ்சள் கல் வைச்சா, வாசல் இருந்ததே தெரியாது."

"அப்பிடியே செய்யும். நாளைக்கு ஆரும் கேக்கக் கூடாது."

பீற்றர் உளியை எடுத்துக்கொண்டே கேட்டான். "பக்கத்து வீட்டிலை ஆர் அண்ணை?"

"எங்கட ஆக்கள்தான். அந்தாள் மார்கழியிலை செத்துப்போச்சுது."

"அடடா. செத்தவீட்டுக்குப் போனனீங்களோ?"

"இல்லை." கணேசலிங்கம் யன்னல் பக்கம் திரும்பினார். "பெட்டியைக் காரிலை ஏத்தேக்கை மேலை யன்னலுக்குள்ளாலை பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"கதை பேச்சு இல்லையோ?"

"பதினொரு வருசம்."

"அப்பிடி என்ன பிரச்சினை?"

"சொன்னால் நீர் சிரிப்பீர்." அவர் சிரிக்கவில்லை. "கதைச்சிருக்கலாம். தெருவிலை எத்தினை தரம் எதிரெதிரா வந்தனாங்கள். அந்தாள் ஒரு சொல் சொல்லட்டும், நான் கதைப்பன் எண்டு இருந்திட்டன்."

பீற்றர் முதல் கல்லைச் சுற்றிச் சீமெந்தைக் கொத்தத் தொடங்கினான். அது இலேசில் விடவில்லை. கால் மணி நேரம் போராடிய பிறகு, தூள் கொட்ட, கல் வெளியே வந்தது.

பின்னால் இருக்கும் வரிசை உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கக் கையை உள்ளே விட்டான். கை முழங்கைவரை போனது. விரலில் ஏதோ மரப்பலகை தட்டுப்பட்டது.

"அண்ணை, அங்காலை கல்லே இல்லை! அலுமாரி ஒண்டுதான் நிக்குது."

"விசர்க் கதை கதையாதையும். அங்காலையும் அடைச்சது எனக்குத் தெரியும். அண்டைக்கு முழுக்கச் சத்தம் கேட்டது."

அவர் சொல்லி முடிப்பதற்குள், சுவருக்கு அப்பால் பலகை இழுபடும் ஓசை எழுந்தது. ஓட்டையில் வெளிச்சம் விழுந்தது. ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. அவள் பீற்றரைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவரை, கண் கலங்கப் பார்த்துச் சொன்னாள்.

"தம்பி, நீங்கள் வீட்டைப் பூட்டிப்போட்டுக் கனடாவிலை போய் நிண்ட கோடையிலையே உங்கட அண்ணை தன்ர பக்கத்துக் கல்லெல்லாத்தையும் எடுத்துப்போட்டார். 'அவன் ஒருநாளைக்கு உடைக்க வெளிக்கிட்டால் அவனுக்குப் பாதி வேலைதான் இருக்கவேணும்' எண்டு சொன்னவர்."