மாஸ்டரின் வலது கால்

"மேடம், பிரேக்! பிரேக்! பிரேக்!"

மாஸ்டர் போட்ட கூச்சலில், சாலையோரம் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. கார் கிறீச்சிட்டுக்கொண்டே போய், முன்னால் நின்ற பால் வண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"பார்த்தீங்களா? இந்தப் பக்கம் நான் மட்டும் மிதிக்கலைன்னா, ரெண்டு பேரும் இந்நேரம் பால்ல குளிச்சிருப்போம்!"

அது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டி. ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் மாஸ்டருக்கு ஒரு பிரேக். யார் மிதித்தாலும் வண்டி நிற்கும். ஊரில் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவதே தன் வலது காலின் தயவில்தான் என்பது மாஸ்டரின் இருபது வருஷ நம்பிக்கை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தையல்காரம்மா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நானும்தான் மிதிச்சேன் மாஸ்டர். வண்டிதான் லேட்டா நிக்குது. பத்து நாளா பிரேக் போட்டா கத்துது. இன்னிக்கு உள்ள ஏதோ கரகரன்னு உரசுற மாதிரி இருக்கு. ஒரு தரம் மெக்கானிக்கிட்ட காட்டிடலாமா?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" மாஸ்டர் சிரித்தார். "ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வைங்க. பிரேக் கத்தறது கேக்காது."

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது.

நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட். மூன்றாவது தடவை. ஆசை ஆசையாய் வாங்கிய சொந்தக் கார், வீட்டு வாசலில் மூன்று மாதமாகப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. முதல் இரண்டு டெஸ்ட்டிலும் ஒரே கோளாறுதான். டெஸ்ட்டில் மாஸ்டர் சீட்டில் ஆபீசர் உட்காருவார். அவர் பிரேக்கில் காலை வைக்கமாட்டார், காகிதத்தில் பேனாவைத்தான் வைப்பார். மாஸ்டரின் கால் இல்லாமல் வண்டி எங்கே நிற்கப்போகிறது என்ற பயத்தில், நிறுத்த வேண்டிய கோட்டுக்கு இருபதடி முன்னாலேயே தையல்காரம்மா நிறுத்திவிட்டார். இரண்டு தடவையும்.

"நீ கோட்டுக்குப் போறதுக்குள்ள கோடே நடந்து வந்துடும்" என்று வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

தையல்காரம்மாவுக்குத் தான் ஓட்டுவதில்தான் சந்தேகமே தவிர, அந்தக் கரகரப்பில் சந்தேகமே இல்லை. முப்பது வருஷம் தையல் மெஷினை மிதித்த கால். ஊசி ஒரு நூல் தடுமாறினாலும் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும்.

இண்டிகேட்டரைப் போட்டார். வண்டியை இடது பக்கம் திருப்பினார்.

"எங்க போறீங்க? நம்ம ரூட்டு நேரா!"

"ஒர்க்‌ஷாப்புக்கு. வேண்டாம்னா மிதிச்சு நிறுத்துங்க மாஸ்டர், உங்க கால்தான் இருக்கே."

மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒர்க்‌ஷாப் வாசலில் அடுக்கியிருந்த டயர்களுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. "நல்லவேளை, மிதிச்சேன்" என்றார்.

மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"பிரேக் பேட் அட்டை கனத்துக்குக்கூட இல்ல. ஒரு பக்கம் இரும்பும் இரும்பும் உரச ஆரம்பிச்சிருச்சு. கத்த ஆரம்பிச்ச அன்னிக்கே கொண்டுவந்திருக்கணும். யாரு கண்டுபிடிச்சது?"

"நாங்கதான்" என்றார் மாஸ்டர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பெருமூச்சும் வந்தது. "கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம்? நாளைக்கு மாஸ்டர் கால் என் பக்கத்துல இருக்காதே."

மெக்கானிக் புது பேட் மாட்டினார். "வந்ததுதான் வந்தீங்க, மாஸ்டர் பக்கத்து பிரேக்கையும் பார்த்துடறேன்" என்று வண்டிக்கு அடியில் போனார்.

பிறகு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. வெளியே வந்தவர் கையில், பாதியில் அறுந்துபோன ஒரு கேபிள்.

"மாஸ்டர், உங்க பெடலுக்கும் பிரேக்குக்கும் நடுவுல போறது இதுதான். அறுந்த இடத்துல துருவே ஏறியிருக்கு பாருங்க. ஒரு மாசமாவது ஆகியிருக்கும். நீங்க இத்தனை நாளா மிதிச்சது வெறும் ஸ்பிரிங்கை."

மாஸ்டர் கேபிளைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"அப்போ... அந்தப் பால் வண்டி?"

"எந்தப் பால் வண்டி?" என்றார் மெக்கானிக்.

தையல்காரம்மாவுக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. பால் வண்டி மட்டுமா? பள்ளிக்கூட வாசல், மேம்பாலத்து இறக்கம், திடீரென்று குறுக்கே வந்த சைக்கிள். ஒரு மாதமாக அத்தனை இடத்திலும் வண்டியை நிறுத்தியது தன்னுடைய கால். அதுவும் தேய்ந்துபோன பிரேக்கை வைத்துக்கொண்டு!

முதலில் அவர்தான் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. மெக்கானிக்கும் சேர்ந்துகொண்டார். கடைசியில் மாஸ்டரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"புண்ணியவதி! இத்தனை நாளா என் உயிரும் உங்க கால்லதான் இருந்திருக்கு. இது தெரியாம உங்களையே திட்டிட்டிருந்திருக்கேன்."

அரை மணி நேரத்தில் புதுக் கேபிள் மாட்டியாயிற்று. மெக்கானிக் இரண்டு பெடலையும் மிதித்துப் பார்த்து, "இப்ப ரெண்டும் பக்கா" என்றார்.

தையல்காரம்மா வண்டியை எடுத்தார். வழியில் மூன்று சிக்னல். மூன்றிலும் கார் சத்தமில்லாமல், சரியாகக் கோட்டை ஒட்டிப் போய் நின்றது.

மாஸ்டர் ஒரு தடவைகூட 'பிரேக்' என்று கத்தவில்லை. இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிவைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.