துளசிக்கு எந்த மூடாக்கு?

எரிப்பதும் புதைப்பதும் நின்றுபோன பிறகு, இறந்தவர்கள் எல்லோரும் மட்கி, மூட்டையில் மூடாக்காகத்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். வெயிலில் மண் காய்ந்துபோகாமல் இருக்கச் செடியடியில் பரப்ப அதைவிட நல்லது கிடையாது. வீட்டில் ஒரு தொட்டி வைக்கக்கூட இடமில்லாதவர்களின் மூட்டை, நர்சரிக்கு விற்பனைக்குப் போய்விடும். மூட்டையில் பெயர் எழுதக் கூடாது என்பது சட்டம். தெருவைக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

வரதராஜு பச்சைக் கயிறு கட்டிய மூட்டையின் மேல் கை வைத்தார். அந்தக் கயிற்றைக் கட்டியது நர்சரியில் வேலை பார்க்கும் மலர்க்கொடிதான். உள்ளே இருந்தது அவள் புருஷன் செல்லையன்.

"துளசி மாடத்துக்கு வேணும். இது எந்தத் தெரு ஆளும்மா?"

மேலத்தெரு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் செல்லையன் தன் தெருவை யாரிடமும் மறைத்ததில்லை.

"காலனிங்க."

வரதராஜு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்போ துளசிக்குத் தேங்கா நாரே குடு. இதை வாசல்ல நிக்கிற செம்பருத்திக்குப் போட்டுக்கறேன்."

"ரெண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்க. தண்டை ஒட்டிப் போட்டா அழுகிடும்" என்றாள் மலர்க்கொடி.

மூட்டையை அவளே தூக்கி வண்டியில் வைத்தாள். இதே நர்சரியிலிருந்து அந்த வீட்டுக்கு மாதாமாதம் உரம் கொண்டுபோய் இறக்கியவன் செல்லையன். அப்போதும் அவனுக்கு வாசல் வரைதான்.