ஐந்து நிமிடக் கொதி

“முத்துத்தாய், பெயில்!”

ஹாலில் இருபத்திரண்டு கிராம நர்சுகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டாக்டர் அந்த ஒரு பெயரைத்தான் உரக்க வாசித்தார். மற்ற இருபத்தொரு பேரும் பாஸ்.

வருடத்துக்கு ஒரு முறை மதுரையில் பத்து நாள் பயிற்சி வகுப்பு. கடைசி நாள் பரீட்சை. தேறினால்தான் நர்ஸ் பதிவைப் புதுப்பிப்பார்கள். பதிவு இல்லாதவள் ஊசியைத் தொடக்கூடாது. வேலை போயிற்று என்று அர்த்தம்.

“இருபத்தாறு வருஷ சர்வீஸ். இந்தம்மா எழுதினதைக் கேளுங்க” என்று டாக்டர் அவள் விடைத்தாளை உயர்த்திப் பிடித்தார்.

“கேள்வி: உங்கள் சுகாதார நிலையத்தில் ஊசிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? பதில்: ஸ்டவ்வில் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கிறோம்.”

ஹால் சிரித்தது.

“இருபது நிமிஷம்னு முதல் நாளே போர்டுல எழுதிப் போட்டேன். மீதியையும் வாசிச்சா எனக்குத்தான் வெக்கம்” என்று தாளை மடித்து வைத்தார்.

முத்துத்தாய் எழுந்தாள்.

“சார், பெயிலான தாளு எங்க போகும்?”

“சென்னைக்கு, மேலாபீசுக்கு. ஏன் பெயில் போட்டோம்னு அங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும். பாஸான தாளை இங்கயே கட்டிப் போட்டுருவோம்.”

“ரிஜிஸ்தர் தபால்லயா சார்?”

“ஆமாம்மா. உங்க பெருமை பத்திரமாப் போய்ச் சேரும். கவலைப்படாதீங்க.”

ஹால் மறுபடியும் சிரித்தது.

வெளியே டீக்கடையில் உக்கிரபாண்டி காத்திருந்தார். நர்சுகள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மறியலில் மூன்று முறை ஜெயில் பார்த்தவர். முத்துத்தாய் வருவதற்கு முன்பே சேதி அவரிடம் வந்துவிட்டது.

“மானத்த வாங்கிட்டியே தாயி! இந்தப் பத்து நாளையும் டூட்டியா எண்ண வைக்க எம்புட்டு அடி வாங்கிருப்பேன்? இருபதுன்னு எழுதக் கை வலிச்சதாக்கும்?”

“இல்லண்ணே.”

“இந்தா மரியம் பீவி எழுதலயா?”

பக்கத்தில் நின்ற மரியம் பீவி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். மேலூர்ப் பக்கத்து நிலையத்து நர்ஸ் அவள்.

“எழுதுனேன் அண்ணே. இருபதுன்னுதான் எழுதுனேன்.”

சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொண்டாள்.

“மார்ச்சுல உனக்கு இன்னொரு பரீட்சை வைப்பாக தாயி. அதுலயும் கோட்டை விட்டா பேர அடிச்சிருவாக. மூணு பிள்ளைக்கும் உன் சம்பளந்தான் கஞ்சி. தெரியும்ல?”

“தெரியும்ணே. கொட்டாம்பட்டி பஸ்சு போயிரும். வாரேன்.”

“பெயிலானாலும் திமிரு குறையுதா பாரு!” என்றார் உக்கிரபாண்டி, கடைக்காரரிடம்.

மார்ச்சில் முத்துத்தாய் மறு பரீட்சை எழுதினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

“பாத்தீங்களா, ஒரு தடவை பெயில் போட்டாத்தான் புத்தி வருது” என்றார் டாக்டர்.

“ஆமா சார்” என்றாள் அவள்.

டீக்கடையில் உக்கிரபாண்டிக்குப் பொறுக்கவில்லை.

“இம்புட்டும் தெரிஞ்சவ அன்னிக்கு ஏன் தாயி அப்படி எழுதுன?”

“டாக்டரு வாசிக்காம மடிச்சாரே, அந்த மீதியக் கேளுங்கண்ணே. ‘ஸ்டவ்வுக்கு மாதம் ஆறு லிட்டர் மண்ணெண்ணெய் தர வேண்டும். வருவது ஒன்றரை லிட்டர். அதற்கு ஐந்து நிமிடம்தான் கொதிக்கும்.’”

“அடப்பாவி! அப்ப ஊருப் பிள்ளைகளுக்கு அரைக்கொதி ஊசியா போட்ட?”

“மிச்சப் பதினஞ்சு நிமிஷம் எங்க வீட்டு விறகுல கொதிக்குதுண்ணே. அதையும் எழுதியிருந்தா, விறகுதான் இருக்கேன்னு அந்த ஒன்றரையவும் நிறுத்தியிருப்பாக.”

“மண்ணெண்ணெய்க்குத்தான் நான் எழுபத்தெட்டுலருந்து மகஜர் கொடுக்கிறேனே! பதினோரு மகஜர்!”

“பதினொண்ணும் இந்த ஆபீசு அலமாரியிலதான் கிடக்கு. வகுப்புக்குச் சாக்பீஸ் எடுக்கப் போனப்பப் பாத்தேன். கட்டுக்கூடப் பிரிக்கல. இந்த ஆபீசத் தாண்டி மேல போற தாளு, பெயிலான தாளு ஒண்ணுதாண்ணே.”

உக்கிரபாண்டி ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். மேடையில் மூன்று மணி நேரம் நிற்காமல் பேசுகிறவர்.

“எண்ணெய்...?”

“போன மாசத்துலருந்து ஆறு லிட்டர். எனக்கு மட்டும் இல்ல, இருபத்திரண்டு நிலையத்துக்கும்.”

துணைக்கு வந்திருந்த மரியம் பீவி மூன்று டீக்கும் காசு கொடுத்தாள்.

அடுத்த வருடம் அதே ஹால், அதே பரீட்சை. ‘உங்கள் நிலையத்தின் பிரசவ அறையில் இரவில் என்ன விளக்கு எரிகிறது?’ என்று ஒரு கேள்வி. அதற்கான விடையையும் டாக்டர் முதல் நாளே போர்டில் எழுதிப் போட்டிருந்தார்.

கடைசி நாள் டாக்டர் முடிவுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“மரியம் பீவி, பெயில்! சோணையம்மாள், பெயில்! முனியாயி, பெயில்...”

பத்தொன்பதாவது பெயரில் நிறுத்தி, பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். இந்த முறை ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மரியம் பீவிதான் எழுந்து கேட்டாள்.

“ரிஜிஸ்தர் தபால்லதானே சார்?”