காலர் மைக்

“இந்த மைக்கைக் கழட்டற வரைக்கும் நீங்க முணுமுணுத்தாக்கூட என் காதுல விழும், மிஸ்டர் வாரன். ஞாபகம் வச்சுக்குங்க.”

மைக் மாட்டும் எல்லோரிடமும் ஐலா இதைச் சொல்வாள். பத்து நிமிடத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

வாரனுக்குக் கேட்கவே பொறுமையில்லை. “சீக்கிரம் மாட்டும்மா. மூணு மணிக்குக் கதவைத் திறக்கணும். ஜனங்க பனியில நிக்கிறாங்க.”

கனடாவின் தண்டர் பே நகரத்தில் ஏழைகளுக்கு இலவசமாக மளிகைச் சாமான் கொடுக்கும் உணவு வங்கியை நடத்துகிறவர் அவர். நன்கொடை கேட்டு இரண்டு நிமிட வீடியோ. கேமராவுக்கு டேரில், ஒலிக்கு ஐலா.

ஒயரை ஸ்வெட்டருக்குள் விட்டு, ஒலியை அனுப்பும் சின்னப் பெட்டியை இடுப்பில் சொருகி, மைக்கைக் காலருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினாள். முதல் அலைவரிசையில் ஒரே கரகரப்பு. அடுத்ததில் சுத்தமாக இருந்தது. வாரனுக்கோ வெண்கலக் குரல். ஒலியளவைப் பாதிக்குக் கீழே இறக்க வேண்டியதாயிற்று.

“இப்போ பேசுங்க.”

“எங்க வாசலுக்கு வர்ற யாரையும் நாங்க வெறுங்கையோட அனுப்பறதில்லை!” என்று முழங்கினார் வாரன்.

முதல் டேக்கிலேயே ஓகே. டேரில் பேட்டரி மாற்றப் போனான். கதவு திறந்தது, வரிசை நகர்ந்தது. வாரன் பின்பக்கக் கிடங்குக்குப் போனார். கழற்ற மறந்த மைக்கும் கூடவே போனது.

ஐலாவின் ஹெட்ஃபோனில் ஃப்ரீசர் மோட்டாரின் உறுமல். அதற்கு மேலே வாரன் குரல்.

“இன்னிக்குன்னு பார்த்தா வந்து நிக்கணும் நீங்க? வரிசைக்கெல்லாம் போகாதீங்க. பின்கதவு வழியா கிளம்புங்க. கேமரா போற வரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டக்கூடாது. புரிஞ்சுதா? போங்க, போங்க!”

கதவு சாத்தும் சத்தம்.

ஐலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேட்டரி மாற்றிவிட்டு வந்த டேரிலிடம் பொரிந்தாள்.

“கேட்டியா டேரில்? யாரையோ வெறுங்கையோட துரத்திட்டான். படத்துல பார்க்க லட்சணமா இல்லையாம் போல!”

“நமக்கெதுக்கு வம்பு? வந்தோமா, எடுத்தோமா, போனோமான்னு இரு.”

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வாரன் இரண்டு பெரிய பைகளைத் தூக்கி வந்து தன் சொந்த வண்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். மக்ரோனி, பீன்ஸ் டின், பால் பவுடர் எல்லாம் பை வாயில் பிதுங்கி நின்றன.

“அட, திருட்டு வேற!”

உள்ளே வந்தவரை மறித்தாள்.

“உங்க மைக் ஓடிட்டுத்தான் இருந்தது. கிடங்குல பேசினது அத்தனையும் பதிவாயிருக்கு.”

வாரனின் முகம் வெளுத்தது. “அதை அழிச்சிடும்மா.”

“ஏன் அழிக்கணும்? நாலு மணிக்கு உங்க நிர்வாகக் குழுத் தலைவி பேட்டிக்கு வராங்க. முதல்ல இதைத்தான் போட்டுக் காட்டப் போறேன். வண்டியில ஏத்தின பையைப் பத்தியும் சொல்லப் போறேன்.”

இதுவரை எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த மனிதர் சட்டென்று இறங்கி வந்தார். “நான்தான் துரத்தினேன், நான்தான் எடுத்தேன்னு என் வாயாலேயே சொல்லிக்கறேன். வேலை போனா போகட்டும். அந்தப் பதிவு மட்டும் வேணாம், ஐலா. சொன்னா கேளு.”

“மாட்டிக்கிட்டா எல்லாருக்கும் குரல் தன்னால இறங்கிடும்” என்றாள் ஐலா.

வாரன் காலரிலிருந்து மைக்கைத் தானே பிய்த்து மேஜைமேல் வைத்துவிட்டு வரிசையைக் கவனிக்கப் போய்விட்டார்.

மணி மூன்றே முக்கால். தலைவிக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமே என்று ஐலா லேப்டாப்பைத் திறந்தாள். மோட்டார் உறுமலை வெட்டி எடுத்தாள். வாரனைத் தவிர இன்னொரு குரல் மிக மெல்லியதாக, கிசுகிசுப்பாகக் கேட்டது. துரத்தப்பட்டவர் என்ன கெஞ்சினார் என்பதும் தலைவிக்குத் தெரியட்டும்! ஒலியளவை முழுதாக ஏற்றினாள்.

குரல் மேலே வந்தது. ஐலாவின் விரல் விசைமேலேயே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து கேட்டு வரும் குரல்.

“மெதுவா பேசுங்க வாரன். சாமானை அப்புறம் நீங்களே கொண்டு வந்து குடுத்தா போதும். அங்க ஹெட்ஃபோன் மாட்டிட்டு நிக்கறது என் பொண்ணு. நான் இங்க சாமான் வாங்கிச் சாப்பிடறது அவளுக்குத் தெரியாது.”