வஜ்ரா-9 இப்போது எங்கே

போஸ்டர் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அதன் கீழே நாலாயிரம் பேர் கமெண்டில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தார்.

பழைய படத்து ரோபோ வஜ்ரா-9 திரும்ப வருகிறதாம். முப்பத்தெட்டு வருடம் கழித்து, புதிய படமாக. மழையில் நிற்கும் ஓர் இரும்பு முதுகு. கீழே 'விரைவில்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் போஸ்டர்.

ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை.

'கிராபிக்ஸ் பொம்மை.'

'எங்க சின்ன வயசைக் கெடுக்காதீங்கடா.'

'பழைய வஜ்ரா தலையைச் சாய்ச்சு ஒரு பார்வை பாக்கும். அது வருமா இதுக்கு?'

தலையைச் சாய்த்தது ஸ்டைலுக்காக இல்லை. அந்தத் தகர மண்டையில் இடது கண்ணுக்கு மட்டும்தான் துளை போட்டிருந்தார்கள். சாய்த்துப் பார்க்காவிட்டால் தரை தெரியாது, விழ வேண்டியதுதான்.

உள்ளே இருந்தவர் அவர்.

பலராமன், துணை நடிகர். கோடை வெயிலில் நாற்பத்தோரு நாள் அதற்குள் வெந்தார். முதுகுத் தோல் உரிந்து வந்தது.

வெளியில் சொல்ல முடியாது. ஜப்பானிலிருந்து நிஜ ரோபோ வந்து நடிக்கிறது என்று கம்பெனி தண்டோரா போட்டிருந்தது. பத்திரிகைகளும் அப்படியே எழுதின. புரொடக்‌ஷன் மேனேஜர் அவரைப் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சூடம் ஏற்றினார். வயிற்றில் இருக்கிற பிள்ளை மேல் சத்தியம் செய் என்றார். சகுந்தலாவுக்கு அப்போது ஏழு மாதம்.

அவர் உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார்.

அந்தப் பிள்ளைதான் வாசுகி. சமையலறையில் நின்று மீன்காரரைப் போனில் திட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பா இருபது வருடம் சினிமாவில் கும்பலோடு கோவிந்தா போட்டவர் என்பதுதான் அவளுக்குத் தெரியும். ஒரு படத்திலாவது உங்கள் முகம் தெரிந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். ஒருமுறை இல்லை, பலமுறை.

என்னத்தைச் சொல்வது? சத்தியமே அவள் தலைமேல்தான். சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம், யாரிடமாவது வாய் தவறி உளறிவிட்டோமோ என்று அவர் கிடந்து தவித்திருக்கிறார்.

வீட்டில் தெரிந்தவள் சகுந்தலா ஒருத்திதான். இரவெல்லாம் அவர் முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியவள். போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மேனேஜரும் செட்டில் தெரிந்த நாலு பேரும் அதற்கு முன்பே போயாயிற்று.

இனி உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

'அந்த ரோபோ இப்ப எங்க கிடக்குதோ, பாவம். யாராச்சும் பத்திரமா வெச்சிருந்தா கையெடுத்துக் கும்பிடுவேன்.'

யாரோ ஒரு பையன். முன்பின் தெரியாதவன்.

மூன்று முறை படித்தார். கண் கலங்கிவிட்டது. பெற்ற பெண்கூட இப்படி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

பிள்ளையாரப்பா, அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார்.

'நான் இங்கதான் இருக்கேன் தம்பி. சாலிகிராமத்துல. முட்டிதான் வலிக்குது.'

அனுப்பினார்.

காது சமையலறைப் பக்கம் போயிற்று. வாசுகி இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள்.

முதலில் ஒரு சிரிப்பு முகம் வந்தது. அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை.

'ஆயில் போட்டீங்களா ஐயா?'

'சார்ஜ் எவ்வளவு இருக்கு தலைவா?'

'நிஜமாத்தான் சொல்றேன்' என்று எழுதினார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

கையெடுத்துக் கும்பிடுவேன் என்றவன் மட்டும் சிரிக்கவில்லை. கோபமாக எழுதியிருந்தான். 'அது மெஷின். அதுக்குள்ள ஆள் இருந்தான்னு எவனாச்சும் சொன்னா செருப்பு பிஞ்சிடும்.'

இத்தனை பேர் அழுதது தகரத்துக்காகத்தான். உள்ளே ஒரு மனிதன் என்று தெரிந்தால் அந்த அழுகையும் நின்றுவிடும். அவருக்குத் தாங்க முடியவில்லை.

வாசுகி ஈரக் கையோடு வெளியே வந்தாள். அவள் போனில் அவர் எழுதியது இருந்தது. யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள், பெயரோடு.

"அப்பா, இது நீங்களா?"

அவர் போனை மடியில் வைத்தார். முப்பத்தெட்டு வருடம்.

"ஆமாம்மா. நான்தான்."

"ஐயோ அப்பா! எங்க ஆபீஸ் குரூப்பே விழுந்து விழுந்து சிரிக்குது. உங்களுக்கு இப்படியெல்லாம் எழுத வருமா?"

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமான பிறகு அவள் அப்படி உட்கார்ந்ததே இல்லை. முகமெல்லாம் பெருமை.

இந்த முகத்தைப் பார்க்கத்தானே அவர் இத்தனை வருடம் ஏங்கினார்.

"எங்கப்பான்னு சொல்லிட்டேன். இன்னொண்ணு போடுங்கப்பா, எல்லாரும் கேக்கறாங்க."

அவர் வாயைத் திறந்தார். அவள் சிரிப்பைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

போனை எடுத்து மெதுவாகத் தட்டினார்.

'உள்ள ரொம்பச் சூடு. தண்ணி கேட்டாலும் வெளிய கேக்காது.'

அவர் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு அவள் அதைப் படித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.