ட்ரெவரின் பிறந்தநாள் நம்பர்

“மறுபடியும் முடியாதுங்குது” என்றார் ட்ரெவர், கம்ப்யூட்டரை முறைத்தபடி.

“நீ சரியா அடிச்சியா, கண்ணு?” என்று அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள் அவர் மனைவி க்ளெனிஸ்.

“நாலு தடவை அடிச்சாச்சு. சான்றிதழ் எண் சரி, வண்டியோட எண் சரி, என் பேர்கூடச் சரி. ஆனா இந்த நம்பரை இந்த வண்டிக்குக் குடுக்க முடியாதாம். ஏன்னு சொல்லித் தொலைச்சா என்ன?”

காரில் மாட்டிக்கொள்ளத் தன் பெயரிலேயே ஒரு பதிவெண். ட்ரெவரின் பிறந்தநாளுக்கு க்ளெனிஸ் உரிமைச் சான்றிதழோடு வாங்கிக் கொடுத்த பரிசு அது. TR24 VOR. நடுவிலிருக்கும் 24-ஐ E என்று எண்ணிக்கொள்ளும் பெருந்தன்மை இருந்தால், ‘ட்ரெவர்’ என்று படிக்கலாம். அந்தப் பெருந்தன்மை ட்ரெவரிடம் தாராளமாக இருந்தது. வேறு எதிலும் அவர் தாராளம் காட்டியதாக லட்லோ ஊரில் யாரும் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஜெரால்டுடைய காரில் G3 RLD என்ற தகடு பல வருடங்களாக மின்னிக்கொண்டிருக்கிறது. அதை மின்னவிட்டு வேடிக்கை பார்த்ததே ட்ரெவரின் வாழ்நாள் துயரம். வரும் சனிக்கிழமை, புல்தரையில் பந்துருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பில் பருவத்தின் முதல் ஆட்டம். தன் பெயரோடு வந்து இறங்கப் போவதாக அவர் கிளப் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெரால்டுடைய குரல் கேட்டது. “என்ன ட்ரெவர், பேரை ஒட்டியாச்சா? இல்ல, வண்டி அந்தப் பாரத்தைத் தாங்காதா?”

ட்ரெவர் ஜன்னலைச் சாத்தினார்.

ஜெரால்ட் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ட்ரெவரின் பச்சை நிறக் கார் 2005-இல் பதிவானது. அதன் ஹீட்டர் கோடையில் மட்டும் வேலை செய்யும். இடது பக்க ஜன்னல் டேப்பின் தயவில் நின்றது. மடியில் கம்பளியும் வெந்நீர்ப் பையும் இல்லாமல் க்ளெனிஸ் அதில் ஏறுவதில்லை. வேறு கார் வாங்கலாமே என்று அவள் சொல்லும்போதெல்லாம், “ஓடுற வண்டியை எவனாவது மாத்துவானா?” என்பார் ட்ரெவர். உண்மைதான். இறக்கத்தில் நன்றாகவே ஓடும்.

கடைசியில் அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தார். காலை முழுவதும் காத்திருப்பு இசையைக் கேட்டு, ஒருவழியாகக் காரணத்தையும் கேட்டுக்கொண்டார். போனை வைத்ததும், பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவர் போல மனைவிக்கு விளக்க ஆரம்பித்தார்.

“ரொம்பச் சுலபமான விஷயம், க்ளெனிஸ். இதுல இருக்கிற 24-ங்கிறது வருஷம். ரெண்டாயிரத்து இருபத்தி நாலாம் வருஷம் மார்ச்சுலயோ அதுக்கு அப்புறமோ பதிவான வண்டின்னு அர்த்தம். நம்ம வண்டி 05. கிழட்டு வண்டிக்கு இளசு நம்பரை மாட்டினா, பார்க்கிறவன் ஏமாந்துடுவான் இல்லையா? அதனால, வண்டியோட வயசைக் கூட்டிக் காட்டலாம், குறைச்சுக் காட்டக் கூடாது. ஜெரால்டோட நம்பர்ல முதல்ல இருக்கிற G எண்பத்தொன்பதாம் வருஷத்துது. அதான் அவன் புது வண்டியில அது ஜம்முனு ஏறிடுச்சு.”

“அடேயப்பா, இதுல இவ்வளவு இருக்கா?” என்றாள் க்ளெனிஸ். “நான் பாட்டுக்கு உன் பேர் வருதேன்னு வாங்கிட்டேன்.”

“உனக்கு எங்க தெரியப் போகுது. வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருக்கணும். சரி, திருப்பிக் குடுத்துடலாமா?”

“வாங்கிக்க மாட்டாங்க.”

“வித்துடலாம்.”

“யாருக்கு? ஊர் ஊரா ட்ரெவரைத் தேடிட்டு அலையவா?”

“அப்ப டிராயர்ல இருக்கட்டும். சான்றிதழ் பத்து வருஷம் செல்லும்னு போட்டிருக்கே.”

“சனிக்கிழமை கிளப்புக்கு டிராயர்லயா போய் இறங்குறது?”

“யாரையும் கேக்காம ஒட்டிக்கோயேன்.”

“ஆயிரம் பவுண்டு வரைக்கும் அபராதம் போடுவான். நீ பேசாம இரு, என்னை யோசிக்க விடு.”

ட்ரெவர் யோசித்தார். தேநீர் ஆறிப்போகும் வரை யோசித்தார். பிறகு, மனித குலத்தில் யாருக்கும் தோன்றாதது தனக்குத் தோன்றிவிட்ட முகத்தோடு நிமிர்ந்தார்.

“வண்டிக்கு ஏத்த நம்பர்னு எல்லாரும் யோசிப்பாங்க. நான் நம்பருக்கு ஏத்த வண்டியை வாங்கப் போறேன்.”

“ஐயோ, வேண்டாம் ட்ரெவர். ஒரு தகட்டுக்காகக் காரே வாங்குவாங்களா? இருக்கிறதுதான் நல்லா ஓடுதே.”

“உனக்கு இதெல்லாம் புரியாது. கோட்டை எடு.”

வெள்ளிக்கிழமை மாலை புது வண்டி கைக்கு வந்தது. முதல் பதிவையே TR24 VOR என்று கடைக்காரர் போட்டுக் கொடுத்தார். முன்னால் வெள்ளைத் தகடு, பின்னால் மஞ்சள் தகடு. ட்ரெவர் இரண்டு பக்கமும் போய் நின்று தன் பெயரைப் படித்துப் பார்த்தார். உட்காரும் இருக்கை வரைக்கும் சூடேறியது. க்ளெனிஸின் போனையும் வண்டியோடு இணைத்துத் தந்திருந்தார்கள்.

“எப்படி என் யோசனை?” என்றார் ட்ரெவர், வீட்டுக்குத் திரும்பும் வழியில்.

“உன் மூளை யாருக்கு வரும்?” என்றாள் க்ளெனிஸ், இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

போன் மணி வண்டி முழுக்க ஒலித்தது. “இரு, இதுக்கும் பொத்தான் இருக்கு” என்று ஸ்டியரிங்கில் எதையோ பெருமையாக அழுத்தினார் ட்ரெவர். க்ளெனிஸின் அக்கா பெரிலின் குரல் எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது.

“க்ளெனிஸ், ட்ரெவர் கார் வாங்கிட்டானாமே. நானும் என் புருஷன் நார்மனுக்கு ஒரு பேர் நம்பர் வாங்கலாம்னு உட்கார்ந்திருக்கேன். அவனோட ஓட்டை வண்டி 09. எந்த வருஷத்து நம்பர் வாங்கினா அதுல ஏறாது?”

ட்ரெவர் மெதுவாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“நீயும் 24-ஏ வாங்கிடு, அக்கா” என்றாள் க்ளெனிஸ். “அதுல நார்மன் பேர் மட்டும் பளிச்சுனு தெரியணும். மிச்சத்தை அவனே யோசிச்சு முடிச்சிடுவான்.”